வெக்கை வேறு, புழுக்கம் வேறு

தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய பழைய தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஒரு ஜெர்மானியப் பாதிரியார், அருகில் தஞ்சை மன்னர் சரபோஜி. ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. படுத்திருப்பவர் கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, ஆறு உறையும் குளிரில் வளர்ந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1798-ல் தஞ்சையில் கண்மூடும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. மின்விசிறி இல்லாத ஏறத்தாழ 48 கோடைகள்! அந்தச் சிற்பத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான்: அந்த உடம்பு இந்த ஊருக்கு எப்படிப் பழகியது?

பழகுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை சீக்கிரமே அரும்புகிறது, நிறையவும் சுரக்கிறது. ஆனால் அதில் உப்பு குறைவு. உடம்பு உப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

குளிருக்குப் போய்விட்டால் சில வாரங்களிலேயே இந்தப் பழக்கம் கலைந்துவிடும். டொரண்டோவில் பல பனிக்காலம் கழித்துவிட்டுக் கத்திரி வெயிலில் ஊருக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் சுருண்டு படுத்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். உடம்பு பழகி முடிப்பதற்குள் விமானம் ஏறும் நாளே வந்துவிடுகிறது. ஆனால் வியர்வைச் சுரப்பிகளில் எத்தனை வேலை செய்யும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவாகிறது என்றார் ஜப்பானிய உடலியங்கியல் அறிஞர் யாஸ் குனோ. அவர் கணக்குப்படி, தஞ்சையில் தவழ்ந்த குழந்தை எந்தப் பனிநாட்டுக்குப் போனாலும் அந்த முதல் இருப்பு அதனிடமே இருக்கும்.

அந்த டொரண்டோ பிள்ளை ஊருக்கு வராமல் கனடாவிலிருந்து நேரே ரியாத்துக்கு மாறினால்? அங்கே அடிப்பது வெக்கை. இங்கே நம்மை வாட்டுவது புழுக்கம். தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது, அறிவியலும் அப்படித்தான் பார்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். வழிந்து மண்ணில் சொட்டினால் பயனே இல்லை. காற்றில் ஈரம் கூடக்கூட வியர்வை ஆவியாவது குறையும். அதை அளக்க, வெப்பமானியின் முனையில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் பட வைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் 45 டிகிரி வெயில், ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் ஈரத்துணி காட்டுவது ஏறத்தாழ 21 டிகிரி. நம் காவிரி டெல்டாவில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 29! இந்த ஈரத்துணி அளவு 35-ஐத் தொட்டு மணிக்கணக்கில் நீடித்தால், நிழலில் சும்மா இருப்பவர்கூடத் தாங்க முடியாது. உழைக்கிற உடம்புக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

பாலைவனத்திலும் ஒரு சூது உண்டு. வியர்வை தோலிலேயே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீரை இழந்தோம் என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி நம் டெல்டா வயலுக்கு வருவோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதைத் தொடர்ந்து குறுவை நடவு. மேலே வெயில், கீழே தேங்கிய நீரிலிருந்து எழும் ஆவி, நடுவே நாற்று நடும் பெண்களின் குனிந்த முதுகுகள். வரப்பில் வைத்திருக்கும் உப்புப் போட்ட நீராகாரம் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும். காற்றின் ஈரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தஞ்சைக்கு இன்று 36 டிகிரி என்று வானிலைச் செய்தி வரும்போது, ஈரத்துணிக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நடவுக்கு எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்குக் கரையேறுவது என்று அந்தப் பெண்கள் முடிவு செய்ய அது உதவும்.