கூரைக்குள் அணில்: கொல்லாமல் வெளியேற்றுவோம்

நெடுங்காலம் விட்டுப் பிரிந்திருந்த காணிக்குத் திரும்பும் குடும்பம், அங்கே தான் மட்டும் குடியிருக்கவில்லை என்பதை விரைவிலேயே அறிந்துகொள்கிறது. முகட்டில் வௌவால், தாழ்வாரத்தில் குளவிக்கூடு, சுவருக்கும் கூரைக்கும் இடையில் அணில் என்று பலரும் நமக்கு முன்பே குடிவந்துவிடுகிறார்கள்.

கொட்டியாரக்குடாவின் தென்கரை மக்கள் இதை நன்கு அறிவார்கள். 2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே சொந்த மண்ணை மிதித்தார்கள். அழிந்த வீட்டின் இடத்தில் முதலில் தகரக் கொட்டில், பின்னர் கல்வீடு என்று மெல்ல மெல்ல எழுப்பினார்கள். இதற்கிடையில் மாவும் வேம்பும் விளாத்தியும் தம் விருப்பப்படி வளர்ந்து நின்றன. மரக்கிளை கூரையைத் தொட்டால், அணிலுக்கு அதுவே பாதை.

முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்ட இந்தச் சிறிய அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம்தான். இராமருக்குப் பாலம் கட்ட மண் சுமந்த கதையால் அதன்மேல் நமக்கு ஒரு பரிவும் உண்டு. ஆனால் விதைக்கு வைத்த கச்சானை அது கொறித்துவிட்டால் அடுத்த போகத்திற்கு விதை இல்லை. மின்கம்பியின் உறையைக் கடித்துவிட்டால் கூரையில் தீப்பிடிக்கவும் கூடும். கடன்பட்டுக் கட்டிய வீட்டில் இது சிறிய விடயமன்று.

முதலில் யாரென்று அறிவோம்

அணில் பகலில் நடமாடும் பிராணி. விடிந்த பின்னும் மாலையிலும் முகட்டில் ஓட்டமும் கீச்சுக்குரலும் கேட்டால் அது அணில். நள்ளிரவில் பிராண்டும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் எலி; பாரமான காலடி கேட்டால் மரநாய். நெல்மூட்டையை இரவில் ஓட்டையாக்கிய எலியின் குற்றத்திற்கு அணிலைத் தண்டிப்பதில் பயனில்லை.

மர அணில் வேறு. சிங்களத்தில் தண்டுலேனா எனப்படும் அந்தப் பெரிய அணில்தான் குரும்பைகளைக் கடித்துத் தென்னைக்கு நட்டம் விளைவிப்பது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில் ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் குரங்கு, மந்தி, மயில் ஆகியவற்றுடன் கணக்கெடுக்கப்பட்டதும் அந்த மர அணிலே. நமது முகட்டில் இருப்பது அதன் சிறிய உறவினர்.

நஞ்சு ஏன் கூடாது?

"பயிர் மருந்தைத் தேங்காய்ப்பூவில் கலந்து வைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. நஞ்சு தின்ற அணில் கை எட்டாத இடத்தில் கிடந்து அழுகும். புழுவும் நாற்றமும் வீட்டுக்குள் வரும். நஞ்சிட்ட உணவைக் கோழியோ நாயோ, முற்றத்தில் தவழும் குழந்தையோ எடுத்து வாயில் வைக்கலாம். ஒட்டுப்பசை பூசிய அட்டையில் சிக்கும் அணில் பல மணி நேரம் துடித்தே சாகிறது.

கூட்டில் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவதும் நல்ல வழியன்று. பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் முகட்டிலேயே பட்டினி கிடந்து இறக்கும். ஓட்டை திறந்திருக்கும்வரை வேறொரு அணில் அங்கே வந்து சேரும். ஆகவே நாம் அடைக்க வேண்டியது ஓட்டையை, அணிலை அல்ல.

குட்டி உண்டா என்று பாருங்கள்

எந்த வேலைக்கும் முன் இதைச் செய்யுங்கள். தாய் அணில் ஏறத்தாழ 34 நாள் சினையிருந்து பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். அவை பால்குடி மறக்க ஏறக்குறைய பத்து வாரங்கள் செல்லும். தும்பு, பஞ்சு, பழந்துணி ஆகியவற்றை வாயில் கவ்விக்கொண்டு ஓர் அணில் அடிக்கடி ஒரே ஓட்டைக்குள் போனால் கூடு கட்டுகிறது என்று பொருள். மெல்லிய கீச்சொலி கேட்டால் குட்டி உண்டு.

குட்டிகள் இருக்கையில் ஓட்டையை அடைத்தால் தாய் வெளியே நின்று ஓட்டையும் மரத்தையும் கடித்துப் பிய்க்கும். குட்டிகள் உள்ளே சாகும். அவை தாயின் பின்னே வெளியில் ஓடித் திரியும்வரை காத்திருப்பதே சிறந்தது. காத்திருக்க முடியாவிட்டால், கூட்டின் அருகே பகலில் வானொலியை ஒலிக்க விட்டு, இருட்டான மூலையில் வெளிச்சம் படும்படி செய்யுங்கள். தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்கு மாறக்கூடும்.

கீழே விழுந்த குட்டிக்குப் பசுப்பால் பருக்க வேண்டாம். ஒரு சிறு பெட்டியில் துணி விரித்து, அதில் குட்டியை வைத்து, கூட்டுக்கு அருகில் உயரமாக வையுங்கள். நாயையும் பூனையையும் அகற்றிவிட்டு விலகி நின்றால் தாய் வந்து எடுத்துச் செல்லும்.

வெளியேற்றும் ஒழுங்கு

1. இரண்டு நாள் காலையும் மாலையும் வெளியே நின்று, அணில் எந்த ஓட்டையால் போய் வருகிறது என்று பாருங்கள்.

2. அந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடையுங்கள். முகட்டு ஓட்டின் இடைவெளிக்குச் சீமெந்துச் சாந்து பொருந்தும். சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்று வர வேண்டிய இடத்திற்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள். துணி, றெஜிபோம், நைலோன் வலை ஆகியவற்றை அணில் கடித்துவிடும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கொறிக்காமல் அதனால் இருக்க முடியாது.

3. எஞ்சிய ஓட்டைக்கு ஒருவழிக் கதவு போடுங்கள். பால்மாப் பேணியின் மெல்லிய தகரத்தை ஓட்டையிலும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரங்களை மடித்துத் தட்டி, மேற்பக்கம் மட்டும் கம்பியால் கட்டி வெளிப்புறமாகத் தொங்க விடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் திறக்காது.

4. மூன்று நாள் சென்ற பின், கதவின் உட்புறம் பத்திரிகைத் தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். மழையில்லாத இரண்டு நாட்களுக்குத் தாள் அசையாதிருந்தால் உள்ளே எவருமில்லை.

5. நண்பகலில், அணில் வெளியே இரை தேடும் நேரத்தில், நிரந்தரமாக அடையுங்கள். பழைய கூட்டை மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, நீர் தெளித்து நனைத்த பின் அகற்றுங்கள்.

மின்கம்பி உள்ள இடத்தில் கைவைக்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். கடிபட்ட கம்பியை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டே மாற்றுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையானால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

திரும்பி வராதிருக்க

கூரைக்கு ஆறு அடிக்குள் நிற்கும் கிளைகளை வெட்டுங்கள். கூரையோரத் தென்னைக்கு இரண்டடி அகலத் தகரப்பட்டியை, அதன் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து ஆறடி உயரத்தில் இருக்கும்படி சுற்றுங்கள். ஓலைகள் அடுத்த மரத்தில் முட்டினால் பட்டியால் பயனில்லை. விதைக் கச்சானையும் பயறையும் மூடியுள்ள தகரப் பீப்பாவில் வையுங்கள். கிடுகுக் கொட்டிலில் இருப்போருக்கு எல்லா ஓட்டையையும் அடைப்பது இயலாது. அவர்களுக்கு இந்தப் பீப்பாவும் கிளை வெட்டுதலுமே முதற்காப்பு.

எமது மாவட்டத்தில் ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். ஆகையால் சிறுபோக அறுவடை முடிந்தவுடன் கூரையைப் பார்த்து, குட்டி இல்லையென்று அறிந்து வேலையை முடித்துவிடுவது நல்லது. ஓட்டையை அடைத்தால் மழையும் உள்ளே வராது.

அணிலை வெறுங்கையால் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அணிலிலிருந்து மனிதருக்கு விசர்நோய் தொற்றுவது மிக அரிது. ஆயினும் கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி தேவைப்படலாம்.

இந்த வேலைக்கு வேண்டியவை ஒரு பேணித் தகரம், கொஞ்சம் கம்பிவலை, கொஞ்சம் சீமெந்து, ஒரு கிழமைப் பொறுமை. ஏணி ஒன்று இருந்தால் நாலு வீட்டார் மாறிமாறிப் பயன்படுத்தலாம். வெளியேறிய அணில் பக்கத்து வேம்பில் புதுக்கூடு கட்டிக்கொள்ளும். வீட்டை விட்டு ஒரே இரவில் ஓட நேர்ந்தால் என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சிற்றுயிருக்கு அதன் குட்டிகளோடு போக ஒரு வாரம் தவணை கொடுப்போம். பின்னர் கதவை உறுதியாகச் சாத்துவோம்.