துப்பாக்கியோட வெளியூர் போறீங்களா? லைசென்சை முதல்ல புரட்டிப் பாருங்க!

ராணுவத்தில் ரிட்டையர் ஆகி, சொந்தத் துப்பாக்கியோடு பேங்க் காவல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. வெளிமாநிலத்தில் சம்பளம் கூட என்றதும் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட முடியாது! லைசென்சில் எந்த ஏரியா போட்டிருக்கிறதோ அங்கேதான் செல்லும். சிலருக்கு மாவட்டம், சிலருக்கு மாநிலம், சிலருக்குத்தான் இந்தியா முழுக்க. எல்லை தாண்டினால் லைசென்ஸ் இருந்தும் கேஸ்தான். ஏரியாவை நீட்டிக்க, லைசென்ஸ் கொடுத்த ஆபீசில் முதலிலேயே மனு போட வேண்டும்.

வழியில் கோயில் திருவிழா, ஊர்வலம் என்றால் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. விமானத்தில் தோட்டாவைக் கழற்றி, கவுண்டரில் சொல்லி, லக்கேஜில்தான் போடணும். கைப்பையில் மறந்துபோன ஒத்தைத் தோட்டாவும் வம்புதான்.

மச்சான் கிட்ட கொடுத்தனுப்பலாமா? ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க என்றால் கைப்பட எழுதிக் கொடுத்து அனுப்பலாம். அந்தக் கடிதமும் இல்லை, லைசென்ஸ்காரரும் கூட இல்லை என்றால் மாட்டுவது மச்சான்தான். 2019 சட்டத் திருத்தப்படி குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில்.