ஈர மணலில் ஏன் கத்துகிறது?

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கிய தூத்துக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்த கருவி, அலை நனைத்த மணலுக்குப் போனதும் ஓயாமல் கத்தியதாம். தோண்டினால் ஒன்றுமில்லை. பழுதா, அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்கிறார். இரண்டும் இல்லை. கருவி கண்டுபிடித்தது கடலை.

கருவியின் அடியில் உள்ள வட்டுக்குள் இருக்கும் ஒரு கம்பிச்சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் அகப்படும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்ப, அந்தச் சுழலின் காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் பாடம்தான். என்னை வியக்க வைப்பது அடுத்த படி: பதில் வந்ததா என்பதோடு, எவ்வளவு தாமதமாக வந்தது என்றும் கருவி பார்க்கிறது.

அடுப்படியிலிருந்து அம்மா "சாப்பிட வாங்க" என்கிறாள். கடைக்குட்டி உடனே "இதோ" என்கிறது. பெரியவன் இழுத்து "வர்றேம்மா" என்கிறான். யார் என்று அம்மா திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மெல்லிய அலுமினியத் தாள் கடைக்குட்டி. மின்தடை அதிகம், சுழல் எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். தடித்த வெள்ளிக்காசு பெரியவன்; மின்தடை குறைவு, சுழல் லேசில் அடங்காது, பதில் பின்தங்கும். பக்கத்து வீட்டுப் பையனும் அதே இழுவையில் பதில் சொன்னால் அம்மா ஏமாறுவாள். சின்னத் தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் அப்படித்தான். 'தங்கத்தை மட்டும் காட்டும்' என்ற விளம்பரத்தை நம்பாதிருக்க இது ஒன்றே போதும். உப்புநீர் உலோகத்தோடு ஒப்பிட்டால் மட்டமான கடத்திதான். ஆனால் ஈர மணலில் வட்டுக்கு அடியில் எங்கும் அதுவே. தெருவே கூடி "இதோ" என்று கத்தினால் அம்மா என்ன செய்வாள்? பல அலைவெண்களில் இயங்கும் கருவிகள் இந்தக் கூச்சலைப் பெருமளவு கழித்துவிடும். மற்றவற்றில் உணர்திறனைக் குறைத்து, வட்டை ஒரே உயரத்தில் மெதுவாக வீச வேண்டும்.

ஆழத்துக்கு வருவோம். புலம் போகும்போதும் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது, திரும்பும்போதும் குறைகிறது. ஆழம் இரட்டித்தால் சமிக்ஞை 64-ல் ஒரு பங்கு. 10 அங்குலத்தில் கேட்கும் காசு 10 அடியில் கிடந்தால் சுமார் 30 லட்சத்தில் ஒரு பங்கு! கைக்கருவிக்கு ஒற்றைக் காசு ஓரடிக்குள்தான். அதற்கு மேல் சொல்பவர் கருவியை விற்கவில்லை, ஆசையை விற்கிறார். கருவி என்ற பெயரில் ஏமாற்றியவர் மாட்டியதும் உண்டு: உள்ளே வேலை செய்யும் பாகமே இல்லாத போலி வெடிகுண்டு காட்டிகளை இராக்குக்கு விற்ற பிரிட்டன்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் 10 ஆண்டு சிறை கிடைத்தது.

வரலாறு சுருக்கமாக: 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் இப்படியொரு கருவி செய்தார். பலிக்கவில்லை. மெத்தையில் உலோகச் சுருள்கள் இருந்தன. மருத்துவர் வலப்புறம் மட்டுமே தேடவிட்டார், குண்டோ இடப்புறம்.

வாசகருக்கு ஒரு யோசனை. கடற்கரைக்கு முன்பு வீட்டு முற்றத்தில் காசு, மோதிரம், ஆணி, பாட்டில் மூடி ஒவ்வொன்றையும் வட்டுக்கு முன் காட்டி, ஒலிகளைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் இடங்களுக்குக் கருவியை எடுத்துப் போகாதீர்கள். மண்ணடுக்கிலிருந்து பிடுங்கிய காசு அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.