ஆர்க்டிக்: ஒரு சொல்லின் வரலாறு

உறைபனி சூழ்ந்த வடமுனைப் பகுதி ஆர்க்டிக் எனப்படுகிறது. அங்கு வாழும் பனிக்கரடியால் இப்பெயர் அமைந்தது எனக் கருதுவோர் உண்டு; அது பொருந்தாது. கிரேக்க மொழியில் 'ஆர்க்டோஸ்' என்பதற்குக் கரடி என்பது பொருள். வடவானில் ஒளிரும் ஏழு விண்மீன்களை உள்ளடக்கிய கூட்டத்தைக் கிரேக்கர் கரடியாகக் கண்டனர். பண்டைத் தமிழர் எழுமீன் என்றதும் அவ்வேழு விண்மீன்களையே. பண்டைக் கிரேக்கத்திலிருந்து நோக்கியோர்க்கு அவை அடிவானத்தின்கீழ் மறைந்ததில்லை. எனவே, இரவில் கலம் செலுத்தியோர்க்கு வடதிசை காட்டி நின்றன. 'கரடிக்கு அருகிலுள்ளது' எனப் பொருள்தரும் 'ஆர்க்டிகோஸ்' இவ்வாறு வடக்கைக் குறிக்கலாயிற்று. அதற்கு எதிர்த்திசையில் உள்ளது என்னும் பொருளிலேயே தென்முனைக் கண்டம் அண்டார்டிகா எனப் பெயர் பெற்றது. கடுங்குளிர் என்னும் பொருள் ஆர்க்டிக் என்னும் சொல்லுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. நிலத்தில் திரியும் கரடியன்று, வானில் திசைகாட்டிய கரடியே அப்பனிநிலத்துக்குப் பெயர் தந்தது.