விளையாட்டு வீரர்களின் உறக்கமும் தளர்வுப் பயிற்சிகளும்

தளர்வுப் பயிற்சிகள் என்பவை தசை இறுக்கத்தையும் மன அலைச்சலையும் குறைத்து உறக்கம் வருவதற்கு உதவும் உடல், மூச்சு, கவனப் பயிற்சிகள் ஆகும். படிப்படியான தசைத் தளர்வு, மெதுவான மூச்சுப் பயிற்சி, தன்வயத் தளர்வு, யோக நித்திரை ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுக்குக் கருவியோ மருந்தோ தேவையில்லை. ஒரு பாயும் கால் மணி நேரமும் போதும். ஆனால் இவை மாத்திரை போல விழுங்கியவுடன் வேலை செய்வன அல்ல. பந்தை மட்டையால் நிறுத்தக் கற்பது போலப் பல நாள் பழகிப் பெற வேண்டிய திறன்களாகும்.

கோவில்பட்டியும் ஹாக்கியும்

தமிழ்நாட்டில் இத்தகைய பயிற்சியின் தேவை தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழிலுக்கும், 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற இக்கரிசல் நகரம், வளைதடிப் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. செயற்கைப் புல்தரை மைதானமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் இங்கு அமைந்துள்ளன. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து இங்கு பயின்ற கார்த்தி செல்வமும் 2022 ஆம் ஆண்டு யகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றனர். அவ்வாண்டு மே 23 அன்று பாக்கித்தானுக்கு எதிராக 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அதே மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், தேசிய இளையோர் ஆடவர் ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியில் நடைபெற்றது.

கரிசல் நிலத்தின் கோடை, வீரனின் உறக்கத்தை இரு முனைகளிலும் நெருக்குகிறது. பகல் வெயிலுக்கு அஞ்சிப் பயிற்சியை அதிகாலைக்கும் மாலைக்கும் தள்ள வேண்டியுள்ளதால் விடியுமுன் எழ வேண்டும். இரவிலோ, பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் கூரை நெடுநேரம் வெப்பத்தை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் கயிற்றுக் கட்டிலிட்டு உறங்கும் வழக்கம் ஊரில் உண்டு. பலர் ஒன்றாகத் தங்கும் அறையில் அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை.

உறக்கமும் ஆட்டத் திறனும்

அமெரிக்காவின் சிடான்போர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு 2011 இல் வெளியானது. ஐந்து முதல் ஏழு வாரங்கள், நாள்தோறும் 10 மணி நேரமேனும் படுக்கையில் இருக்க முயலுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். முடிவில் அவர்களின் குறுவிரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடியாகக் குறைந்தது. கூடையில் பந்து எறியும் துல்லியமும் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை அளவோடுதான் கொள்ள வேண்டும். பள்ளி வயது வீரர்கள் 112 பேரைப் பற்றிய 2014 ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியோர் காயமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்காக இருந்தது.

இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது, 283 ஆத்திரேலிய வீரர்களிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான கணக்கெடுப்பு. அவர்களுள் 64 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் முக்கியப் போட்டி ஒன்றுக்கு முன் ஒரு முறையேனும் உறக்கம் கெட்டதாகக் கூறினர். அவர்களுட் பெரும்பாலோரின் சிக்கல், படுத்தும் உறக்கம் வராமையே. காரணம், போட்டியைப் பற்றிய எண்ணங்களே. இந்நிலையைச் சமாளிக்கத் தம்மிடம் எந்த வழிமுறையும் இல்லை என்றோர் தனிநபர் விளையாட்டுகளில் ஏறத்தாழ 33 விழுக்காடு. குழு விளையாட்டுகளில் 59 விழுக்காடு. ஹாக்கி குழு விளையாட்டு என்பதை நினைவில் கொண்டால் இவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

செயற்படும் விதம்

உறக்கம் தொடங்கும்போது உடலின் உள்வெப்பம் தணிகிறது. இதயத் துடிப்பும் மூச்சும் மெதுவாகின்றன. மாலை ஆட்டம் முடித்த வீரனிடம் இதற்கு எதிரான நிலை காணப்படும். உள்வெப்பம் கூடியிருக்கும், அட்ரினலின் தணிந்திராது, மின்னொளி விளக்குகள் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்தியிருக்கும். தளர்வுப் பயிற்சி பரிவு நரம்புகளின் கிளர்ச்சியைத் தணித்து, இணைப்பரிவு நரம்புகளின் செயலுக்கு வழிவிடுகிறது. கவனத்தை உடலின் ஓர் உறுப்பில் நிறுத்துவதால், நாளைய ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப மனத்துள் ஆடிப்பார்ப்பதும் குறைகிறது.

பயிற்சி முறைகள்

படிப்படியான தசைத் தளர்வை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் யேக்கப்சன். இதைப் பற்றிய அவரது நூல் 1929 இல் வெளியானது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கிப் பின் விட்டால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடல் உணரக் கற்கும் என்பதே இதன் அடிப்படை. அவரது முறை பல மாதப் பயிற்சியை வேண்டியது. இன்று வழங்குவது பிற்காலத்தில் சுருக்கப்பட்ட வடிவம். மல்லாந்து படுத்து, ஒரு கையை ஐந்து முதல் ஏழு நொடி இறுக மூடி, பின் சட்டென விட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். பின்னர் முன்கை, புயம், முகம், கழுத்து, தோள், வயிறு, தொடை, கால் என வரிசையாகச் செல்லலாம். குனிந்து ஓடும் ஹாக்கி வீரருக்கு இடுப்பும், மட்டை பிடிக்கும் முன்கையும் கூடுதல் கவனம் வேண்டுவன. வியர்த்துக் களைத்த நாளில் கெண்டைக்காலை வலிந்து இறுக்கினால் தசைப்பிடிப்பு ஏற்படலாம். ஆகவே கால் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டாமல், முழங்காலை நோக்கி மென்மையாக இழுப்பதே நன்று.

மூச்சுப் பயிற்சி இன்னும் எளிது. நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு அமையும். மூச்சை அடக்கத் தேவையில்லை.

செருமானிய மருத்துவர் யோகான்னசு சூல்ட்சு 1932 இல் வெளியிட்ட தன்வயத் தளர்வில், கைகால்கள் கனக்கின்றன, வெதுவெதுப்பாகின்றன என மனத்துள் சொல்லிக்கொள்வர். கரிசல் கோடையில் வெதுவெதுப்பை நினைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆயினும் கைகால் தோலின் குருதிக்குழாய்கள் விரிவதால் உள்வெப்பம் வெளியேறுகிறது என்பதே உடலியல். அந்த நினைப்பு பிடிக்காதவர் கனத்தை மட்டும் கொள்ளலாம். இந்திய மரபின் சவாசனம் அத யோகப் பிரதீபிகையில் களைப்பை நீக்குவதாகக் கூறப்படுகிறது. முங்கேரின் சுவாமி சத்யானந்த சரசுவதி வகுத்த யோக நித்திரை, அந்நிலையில் படுத்துக் குரல் வழிகாட்ட உடலெங்கும் கவனத்தைச் செலுத்துவதாகும். பயிற்றுநர் ஒருவரே அறை முழுவதற்கும் சொல்லலாம் என்பதால் விடுதிகளுக்கு இது ஏற்றது.

எம்முறையாயினும் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, ஆட்டம் இல்லாத நாட்களில் தொடங்க வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவில் முதன்முதலாக முயல்பவர், உறங்கியே தீர வேண்டும் என்ற மற்றொரு கவலையையே சேர்த்துக்கொள்கிறார்.

வரம்புகள்

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாட்பட்ட உறக்கமின்மைக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சையை உறுதியாகவும், தளர்வுப் பயிற்சியை மட்டும் தனியே செய்வதை நிபந்தனையுடனும் பரிந்துரைத்தது. உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்றல், வாரக்கணக்கில் நீளும் உறக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும்.

ஐந்து மணி நேரமே படுக்கையில் இருக்க வாய்க்கும் வீரருக்கு எந்தத் தளர்வும் எட்டு மணி நேர உறக்கத்தைத் தராது; அங்கு மாற்ற வேண்டியது பயிற்சி நேர அட்டவணை. வெப்பமும் அவ்வாறே. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மருத்துவக் குழுவில் உறக்க வல்லுநர் ஒருவரும் இருந்தார். ஆயினும் ஒலிம்பிக் கிராமத்து அறைகளில் வெப்பம் மிகுந்தபோது, இந்திய வீரர்களுக்காக 40 குளிரூட்டிகள் அனுப்பப்பட்டன.