சிங்கப்பூரில் நாங்கள் தேடிய பெயர்

பயணம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதிலும் வெளிநாட்டுப் பயணம் என்று தலைமையாசிரியை அவர்கள் அறிவித்த அன்று எங்கள் வகுப்பே துள்ளிக் குதித்தது. கடந்த மே விடுமுறையில் மாணவியர் பதினெட்டுப் பேரும், ஆசிரியைகள் இருவரும், ஓர் அருட்சகோதரியும் சேலத்திலிருந்து வேனில் புறப்பட்டோம். நாமக்கல் மலைக்கோட்டையைக் கடந்து திருச்சி விமான நிலையம் சேர்ந்தோம். அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூரில் இறங்கியதும் கைக்கடிகாரங்களை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். ஒரு நகரமே ஒரு நாடு; அந்நாட்டுக்குத் தலைநகரும் அதுவே!

விமான நிலையப் பலகையிலேயே தமிழ் எழுத்து எங்களை வரவேற்றது. அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. நீரைப் பீய்ச்சும் மெர்லயன் சிங்கச் சிலையைக் கண்டு வியந்தோம். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரம் வாங்கிச் சூடினோம். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயத்தைக் கண்டு செபித்தோம். ஆயினும் இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது அந்நகரம் கண்ட போரைப் பற்றியும், அங்கே நாங்கள் தேடிய ஒரு பெயரைப் பற்றியும்தான்.

எங்களுள் ஒருத்தி இராசிபுரம் பக்கத்துக் கிராமத்தவள். புறப்படும் நாளில் அவளுடைய பாட்டி, "எங்க மலாயாப் பெரியப்பா பேரு அங்க எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு பாத்துட்டு வா, கண்ணு" என்று சொல்லியனுப்பினார். நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சேலம், திருச்சி, தஞ்சை, ஆற்காடு மாவட்டங்களில் கங்காணிமார் ஊர் ஊராக ஆள் சேர்த்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்தாம் அந்தப் பெரியப்பா. போரின்போது ஜப்பானியர் அவரை ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் ஊருக்கு வந்த சேதி. அவர் வரவில்லை.

முதலில் கேனிங் கோட்டைக் குன்றின் அடியில் உள்ள 'பேட்டில் பாக்ஸ்' என்னும் சுரங்க அறைகளைக் கண்டோம். தரைக்கு ஏறத்தாழ 9 மீட்டர் கீழே, ஆங்கிலேயப் படைத்தலைவர்கள் போரை நடத்திய இடம் அது. ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் வடகிழக்குக் கரையில் இறங்கினர். சைக்கிளிலும் நடையிலுமாகத் தெற்கே விரைந்து, 1942 பிப்ரவரி 8 இரவு கடற்காலைக் கடந்து தீவுக்குள் நுழைந்தனர். ஒரே வாரத்தில் எண்ணெயும் குண்டுகளும் குறைந்தன. நகரத்துக் குடிநீரும் வற்றத் தொடங்கியது. பிப்ரவரி 15 காலை, இந்தச் சிறிய அறையில் கூடித்தான் சரணடைவதென முடிவெடுத்தார்கள். அன்று மாலை புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையில், தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அத்தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

வென்றவர்கள் ஊரின் பெயரையே 'ஷோனான்' என்று மாற்றினார்கள். கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளச் செய்தார்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு கடிகாரத்தைத் திருப்பி வைத்தது அப்போது நினைவுக்கு வந்தது. அன்று மக்கள் அதை அச்சத்தோடு செய்திருப்பார்கள். மூன்றரை ஆண்டுகள் இந்த ஆட்சி நீடித்தது.

மறுநாள் எஸ்பிளனேடு பூங்காவில் ஒரு நினைவுப் பலகையைக் கண்டோம். இந்திய தேசிய இராணுவத்தில் உயிர் நீத்தவர்களுக்காக நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அங்கே நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதனை இடித்துத் தள்ளினார்கள். 1995இல் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் அடையாளப் பலகை வைத்தது. இதே நகரில்தான் 1943 அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் துப்பாக்கி ஏந்தினர். அவர்களுள் எங்கள் வயதினரும் இருந்தனர் என்று அறிந்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

சற்றுத் தொலைவில், வானளாவிய நான்கு வெண்தூண்கள் ஒன்றாக நிற்கின்றன. போரில் மாண்ட பொதுமக்களுக்கு 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்த நினைவுச்சின்னம் அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஏனையோர் என நான்கு இனத்தாரின் துயரமும் ஒன்றே என்பது அதன் பொருள். ஜப்பானியர் கொன்று புதைத்தவர்களின் எலும்புகள் 1962 முதல் தோண்டி எடுக்கப்பட்டன. அவை தாழிகளில் அத்தூண்களின் அடியில் வைக்கப்பட்டுள்ளன. கீழே தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் அதை உரக்கப் படித்தோம். ஆனால் அங்கே தனி மனிதர்களின் பெயர்கள் இல்லை.

கடைசியாகக் கிராஞ்சி போர் நினைவிடம் சென்றோம். பச்சைப் புல்மேட்டில் 4,400க்கு மேற்பட்ட வெண்கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் 850க்கு மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. இவரைக் கடவுள் அறிவார் என்னும் பொருளில் சில சொற்கள் மட்டுமே உள்ளன. மேலேயுள்ள சுவர்களில், உடல் கிடைக்காத 24,000க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள். அதன் பின்புறம், தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேரின் பெயர்கள், பெரும்பாலோர் இந்தியர்.

எங்கள் தோழி சுவர் சுவராக நடந்தாள். உடன் வந்த சிங்கப்பூர்த் தமிழ் வழிகாட்டி அக்கா, "இது படைவீரர்களுக்கு மட்டும்தாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, சயாம் மரண ரயில் பற்றி விளக்கினார். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் அது முடிந்தது. போர்க் கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் கல்லறையும் உண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போலப் பல மடங்கு. அவர்களுள் மலாயாத் தமிழர் ஏராளம். காலராவும் பட்டினியும் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. அவர்களின் பெயர்களை எழுதி வைக்க யாருமில்லை.

"பரவாயில்லை, அவர் பேரைச் சொல்லு. நாம எல்லோரும் சேர்ந்து இங்கேயே ஒரு செபம் சொல்லுவோம்" என்றார் சிஸ்டர். தோழி தலைகுனிந்து நின்றாள். "தெரியாது சிஸ்டர். வீட்டில் மலாயாப் பெரியப்பா என்றுதான் சொல்வார்கள்" என்றாள். நாங்கள் யாரும் பேசவில்லை. பெயரில்லாமலேயே செபித்தோம்.

ஊர் திரும்பியதும் அவள் பாட்டியிடம் கேட்டாள். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லாததால் பாட்டிக்கும் தெரியவில்லை. உறவினர் வீடுகளில் விசாரித்தாள். பழைய நிலப் பத்திரம் ஒன்றில் இருக்கலாம் என்றார் ஒரு தாத்தா. பத்திரம் இன்னும் அகப்படவில்லை. தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புத் தோழியரே! கல்லில் வெட்டிய பெயரை மழை மெல்ல மெல்லத்தான் அழிக்கும். எழுதாத பெயரோ ஒரு தலைமுறைக்குள் போய்விடுகிறது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாட்டியின் அருகே அமருங்கள். உங்கள் குடும்பத்திலிருந்து கடல் கடந்து போனவர் யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் பதினெட்டுப் பேரும் எழுதத் தொடங்கிவிட்டோம்.