லாமிங்டன் ரோட்டில் உதிரி பாகம் வாங்கப் போகிறீர்களா?

ஸ்லோ வண்டியில்தான் ஏற வேண்டும். பாஸ்ட் வண்டியில் ஏறினால் அது மும்பை சென்ட்ரலில் நின்றுவிட்டு, கிராண்ட் ரோட்டில் நிற்காமல் பறந்துவிடும். கிராண்ட் ரோட்டில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பலர் விழிப்பார்கள். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர்தான் ஜனங்களின் நாக்கில் இன்னும் நிற்கிறது. "ஷோலே" படம் 1975-ல் திரைக்கு வந்து ஐந்து வருஷம் ஓடியதே மினர்வா தியேட்டர், அது இருந்ததும் இந்த ரோட்டில்தான்.

இந்த ரோட்டிலும் இதை ஒட்டிய பிராக்டர் ரோட்டிலும் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் அபூர்வம். கடைகள் பல, ஒரு ஆள் திரும்ப இடமில்லாத அளவுக்குச் சின்னவை. சுவர் முழுக்கச் சிறு சிறு டிராயர்கள். எதில் என்ன இருக்கிறது என்பது கடைப் பையனுக்குத்தான் வெளிச்சம். நம்பரைச் சொன்ன மாத்திரத்தில் ஏணியில் தாவி ஏறி எடுத்துப் போடுகிறான்.

தமிழர்கள் இங்கே வந்து போவது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கம் அல்ல. 1972 அக்டோபர் 2-ந் தேதி பம்பாயில் டெலிவிஷன் தொடங்கிய பிறகு டி.வி. ரிப்பேர் ஒரு பிழைப்பாயிற்று. இப்போது டி.வி. ரிப்பேர் சுருங்கிவிட்டது. ஆனால் வேறு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஆபீஸ் முடிந்து வீட்டில் ஆம்பிளிபயர் கட்டிப் பழைய பாட்டுக் கேட்கும் குமாஸ்தா, பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன், ராத்திரி வேலையாக எல்.இ.டி. விளக்கு செய்து விற்றுக் கூடுதலாக நாலு காசு பார்க்கும் தொழிலாளி. இவர்கள் வாங்குவது பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும்தான். ஏமாந்தால் போவது அவ்வளவோடு நிற்பதில்லை.

9,900 என்று போட்ட செல்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் ஒரு வாலிபர் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு கிளம்புகிற நம்மவர்களுக்கு, சார்ஜ் செய்யக்கூடிய விளக்கு செய்து கொடுக்கலாம் என்று அவருக்கு யோசனை தோன்றியது. நல்ல யோசனைதான். மூன்று வாட் எல்.இ.டி., ஒரு லித்தியம் செல், சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு சிறு போர்டு, பிளாஸ்டிக் டப்பா. மூன்று மணி நேரம் எரியும் என்று சொல்லிப் பன்னிரண்டு விளக்கு விற்றார்.

விளக்கு ஒரு மணி நேரத்தில் கண்ணை மூடியது. ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டும் திரும்பி வந்துவிட்டன. வாங்கியவர்கள் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அதே சந்தில் நடமாட முடியுமா? பொங்கலுக்கு ஊர் போக வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

அந்தப் பகுதியில் நாற்பது வருஷமாக டி.வி. ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் செல்லைக் கொண்டு போய்க் காட்டினார். "அண்ணாச்சி, 9,900 என்று போட்டிருக்கிறானே, அப்புறம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். பெரியவர் செல்லை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏல தம்பி, அந்த நம்பரை நம்பியா வாங்கினே? இது காத்துப் போல இருக்கே!" என்றார்.

விஷயம் இதுதான். 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்லுக்கு 18650 என்று பெயர். இந்த அளவில், பெயர் பெற்ற கம்பெனிகளின் நல்ல செல்லே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் தருகிறது. 2,000, 2,600 என்று போட்டவை சாதாரணம். 9,900 என்று போட்டிருந்தால் அது பொய் என்று வாங்காமலே சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது ஆயிரம் தேறினால் பெரிது. சிலவற்றில், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல்லுக்குப் புது உறை மாட்டியிருப்பார்கள்.

தராசில் போட்டுப் பாருங்கள்

நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசு தேவையில்லை. சமையலறையில் வைக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். முப்பது கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் நல்லதாகிவிடாது. ஆனால் எடை குறைந்தது நல்லதாக இருக்கவே முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. செல்லை முழுக்க சார்ஜ் செய்து, அரை ஆம்பியர் இழுக்கும் விளக்கைக் கட்டிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரம் எரிந்தால் 2,500. இரண்டு மணி நேரத்தில் அணைந்தால் ஆயிரம். மொத்தமாக வாங்கும் முன் ஒன்றே ஒன்று வாங்கி இப்படிப் பார்த்தால் பன்னிரண்டு பேரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

சார்ஜ் போர்டிலும் கவனம் வேண்டும். டி.பி.4056 என்ற ஐ.சி. வைத்த சிறு போர்டு எங்கும் கிடைக்கிறது. அதில் இரண்டு வகை. ஒன்றில் செல்லுக்கும் விளக்குக்கும் தனித்தனியே கம்பி பற்றவைக்க இடம் இருக்கும். அது காப்புள்ள வகை. செல் அளவுக்கு மீறிக் காலியானாலும், கம்பிகள் ஒட்டி ஷார்ட் ஆனாலும் தானே துண்டித்துவிடும். மற்றதில் செல்லுக்கு மட்டுமே இடம் உண்டு. விலை வித்தியாசம் சொற்பம். அந்தச் சொற்பக் காசை மிச்சம் பிடிப்பது பைத்தியக்காரத்தனம். லித்தியம் செல் தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. பத்துக்குப் பத்து அறையில், மேலே பரண், கீழே துணி மூட்டை, நடுவில் ஆறு பேர் படுத்திருக்கும்போது ராத்திரி முழுக்க அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? விழித்திருக்கும் நேரத்தில், தகரத் தட்டின் மேல் வைத்து சார்ஜ் செய்வதே சரி.

அந்த வாலிபர் இப்போது அப்படித்தான் செய்கிறார். 2,600 செல்லாகப் பார்த்து, எடை போட்டு வாங்குகிறார். விளக்கு மூன்று மணி நேரம் எரிகிறது. முதலில் திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர் மறுபடியும் வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை.

சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்

லாமிங்டன் ரோட்டில் பேச்சு இந்தி அல்லது குஜராத்தி. இந்தி சரளமாக வராதவர்கள் தயங்கத் தேவையில்லை. 7805 என்றால் எந்தப் பாஷையிலும் 7805-தான். வேண்டியதை ஒரு காகிதத்தில் நம்பர், மதிப்பு, எண்ணிக்கை என்று வரிசையாக எழுதி நீட்டினால் போதும். வாயால் சொல்லும்போதுதான் 47 ஓம்ஸ் கேட்டு 4.7 கிலோ ஓம்ஸ் கைக்கு வருகிறது.

வந்ததைக் கவுண்டரிலேயே சரி பாருங்கள். ரெசிஸ்டருக்கு வண்ணக் கோடுதான் பெயர்ப் பலகை. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு கோடு எண்கள், மூன்றாவது கோடு எத்தனை பூஜ்யம் என்பதைக் காட்டும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700. கடைசியில் தங்கக் கோடு இருந்தால் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று அர்த்தம். டியூப் லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலத் தெரியும். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் விற்கிறது. முதலில் அதை வாங்கிவிட்டு அப்புறம் மற்றதை வாங்குவது புத்தி.

கெப்பாசிட்டர் விஷயத்தில் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தானே என்று 16 வோல்ட் கெப்பாசிட்டர் கேட்பார்கள். 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் கிட்டத்தட்ட 17 வோல்ட். சுமை குறைவாக இருக்கும்போது டிரான்ஸ்பார்மர் 12-க்கு மேலேயே கொடுக்கும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் சில நாள் தாங்கும், அப்புறம் உப்பி வெடிக்கும். 25 வோல்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். கோடு போட்ட பக்கம் மைனஸ்.

டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் சுற்றியவை விற்பனைக்கு வருகின்றன. லேசாக இருக்கும், சீக்கிரம் சுடும். கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் சுரண்ட விடமாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டரை ஆம்பிளிபயர் கட்டுகிறவர்கள் அறிவார்கள். 15 ஆம்பியர், 60 வோல்ட் தாங்க வேண்டியது. சந்தையில் இதற்குப் போலி ஏராளம். இரும்புத் தொப்பிக்குள் சின்னச் சில்லை வைத்து, மேலே நம்பரை அச்சடித்து விடுகிறார்கள். மல்டிமீட்டரில் இது நல்லதாகவே காட்டும். பாட்டைச் சத்தமாக வைத்தால்தான் செத்துப்போகும், போகும்போது ஸ்பீக்கரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். பஞ்சில் அசிட்டோன் தொட்டு எழுத்தைத் துடைத்தால் அழிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாமல் இருப்பது அதைவிடச் சுலபமான வழி.

கிட்டில் என்ன குறைகிறது?

போர்டும் பாகங்களும் ஒரே பையில் போட்டு "கிட்" என்று விற்கிறார்கள். 555 ஐ.சி. வைத்த மழை மணி, கைதட்டினால் எரியும் விளக்கு, எல்.ஏ.4440 ஐ.சி. வைத்த 12 வோல்ட் ஆம்பிளிபயர் ஆகியவை நிறையப் போகின்றன. பழகுகிறவர்களுக்கு இது நல்ல ஆரம்பம். பையைக் கடையிலேயே பிரித்து, வரைபடம் இருக்கிறதா, பாகங்கள் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு டயோடு குறையும். இரண்டு ரூபாய் டயோடுக்காக மறுபடி ரயில் ஏறுவது யார்?

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று பற்றவைத்து முடித்த மாடல்களும் விற்கிறார்கள். அவற்றை வாங்கிக் கொடுக்கும் தகப்பன்மார் பணத்தை வீணாக்குகிறார்கள். பையன் பரிசு வாங்கலாம், ஈயம் எந்தச் சூட்டில் உருகும் என்றுகூடத் தெரியாமல். 60-க்கு 40 தகரம்-ஈயக் கலவை 190 டிகிரிக்குள் உருகிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே இணைக்கும் கிட்டுகளைச் சிறுவர்களிடம் கொடுக்கவே கூடாது.

ஆர்டினோ போன்ற போர்டுகள் வேறு கதை. 2005-ல் இத்தாலியில் பிறந்த இதன் வரைபடத்தை வெளிப்படையாகவே கொடுத்துவிட்டார்கள். அதனால் சீனத்து நகல்கள் சட்டப்படியே மலிவாக வருகின்றன. பெயரையும் முத்திரையையும் திருடாத நகலை வாங்குவதில் தப்பில்லை, வேலையும் நன்றாகவே செய்கிறது. தபாலில் வரவழைக்கலாம். ஆனால் நாலு ரெசிஸ்டருக்குத் தபால் செலவு நாற்பது மடங்கு ஆகும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே பட்டியலாக அனுப்பினால் கட்டுப்படியாகும். தாராவியிலும் செம்பூரிலும் அப்படிச் சேரக்கூடிய பையன்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சென்னை வழியாக ஊர் போகிறவர்கள், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். பெங்களூரில் உறவினர் இருந்தால் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வரச் சொல்லலாம். புனேயில் தப்கீர் கல்லி. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் நேரே போகிற நம் நெல்லைக்காரர்களுக்கு ரிச்சி தெரு வழியில் இல்லை, அவர்களுக்கு லாமிங்டன் ரோடுதான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தொழிலாளிக்கு லீவு கிடைப்பதோ அன்றுதான். சனிக்கிழமை வேலை முடிந்து மாகிமில் ஸ்லோ வண்டி பிடித்தால், கடை அடைப்பதற்குள் போய்ச் சேரலாம். சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். தாதரில் கூட்டம் ஏறும்போது பர்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.